இன்னும் ஒரு பூச்சு

ஜூன் 14

துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. தேர்தல் நடந்து, ஓட்டு எண்ணி, ஜெயித்தவர்கள் மாலை போட்டு ஊர்வலமும் போய் முடித்த பிறகு, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்ததை வாங்கிக்கொண்டு தம்பி தண்டபாணி இன்று காரில் மலையேறி வந்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கூத்துதான். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஜனங்கள் பயமில்லாமல் ஓட்டுப் போட வேண்டுமாம். காட்டுப்பன்றிக்கு யார் தேர்தல் விதியைப் படித்துக் காட்டுவது? மார்ச் மாதத்திலிருந்து என் மலைவாழையில் பாதியை அது தின்று தீர்த்துவிட்டது.

உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு குழலிலும் செம்மண் அப்பியதுபோலத் துரு. எந்த ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்களோ தெரியவில்லை. சீட்டுக் கட்டியிருந்த சணல் கயிறு பட்ட இடத்தில் அதன் முறுக்குகூட அச்சாக விழுந்திருக்கிறது.

“அக்கா, நீதான் இதச் சரி பண்ணணும். பழையபடி கன்னங்கரேல்னு ஆக்கிக் குடுத்துரு,” என்றான்.

“குடுத்துருன்னா, யாருகிட்ட?”

“என்கிட்டதான். ஆவணியில மதுரை வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம்ல? ஹால்ல கண்ணாடிப் பெட்டி அடிக்கச் சொல்லிட்டேன். லைசென்ஸ்ல அட்ரஸையும் மதுரைக்கு மாத்தியாச்சு.”

காபி ஆறுகிறது, குடி என்றேன்.

ஜூன் 15

அப்பா இறப்பதற்கு முன் தோட்டத்தை எனக்கும் திண்டுக்கல் வீட்டைத் தம்பிக்கும் எழுதி வைத்தார். துப்பாக்கியை எழுத மறந்துவிட்டார். லைசென்ஸை ஒரு வாரிசின் பெயருக்குத்தான் மாற்றுவார்கள், மற்றவர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். “பேருக்குத்தான்க்கா என் பேரு. பொம்பள பேர்ல கேட்டா ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. துப்பாக்கி பாட்டுக்கு இங்கன உன்கிட்டதான் இருக்கும்,” என்றான் தம்பி. போட்டேன். எம்.ஏ. படித்த முட்டாள் யார் என்று கேட்டால் இந்த மலையில் என் வீட்டைத்தான் கை காட்ட வேண்டும்.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு உயிரைக்கூடச் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குப் பன்றிக் கூட்டம் ஒரு வாரம் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. அந்த ஒரு வாரத்தில் குலை முற்றிவிடும். இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அவன் எந்தப் பன்றியை விரட்டப் போகிறான்? மதுரையில் இருப்பதெல்லாம் காரில் வருகிற பன்றிகள். அவற்றுக்குக் கேசரியும் காபியும் கொடுத்து உட்கார வைப்பான்.

ஜூன் 17

வேலையை ஆரம்பித்தேன். துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி எண்ணெய் தேய்த்து அலமாரியில் வைத்தாயிற்று. குழலில் இருந்த துருவையும் பழைய கறுப்பையும் சேர்த்து எமரித் தாளால் எடுத்தேன். நம்பர் வெட்டியிருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அது மங்கினால் தம்பிக்கு ஜெயில். அவன் பெயரில்தானே லைசென்ஸ் என்று ஒரு நிமிஷம் தோன்றியதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 19

இந்த வேலையின் வேடிக்கை என்னவென்றால், துருவிலிருந்து காப்பாற்றத் துருவையேதான் ஏற்ற வேண்டும். சுண்ணாம்புத் தூளைக் குழைத்துத் தேய்த்துக் குழலில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது. இரண்டு முனையிலும் மர ஆப்பு அடித்து, ஆப்பைத்தான் பிடிக்க வேண்டும். துரு மருந்தைப் பஞ்சில் தொட்டு, பிழிந்து, ஒரே இழுப்பாக ஒரு பூச்சு. பிறகு குளியலறையில் தொங்கவிட்டு, கீழே ஒரு வாளி வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். காலையில் பார்த்தால் குழந்தைக்குப் பவுடர் போட்ட மாதிரி மெல்லிசாகச் செந்துரு பூத்திருக்கும். அதை மழைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் கண் முன்னாலேயே சிவப்பு கறுப்பாகும். மேலே நிற்கும் தூசியை இரும்புப் பஞ்சால் துடைத்தால் அடியில் லேசான சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். மறுபடி பூச்சு, மறுபடி வெந்நீர், மறுபடி கொதி. ஒவ்வொரு தடவையும் ஒரு சாயல் கூடும்.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது இந்த வேலை என் கைக்கு வந்தது. வந்து முப்பது வருஷம் ஆகிறது. பக்கத்து எஸ்டேட்காரர்கள்கூட ஒரு காலத்தில் என்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். “பவளம் கை பட்டா கறுப்பு பத்து மழை தாங்கும்” என்பார்கள். இதைச் சொன்னவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடில்லை. சாட்சிக்கு ஆளில்லாத புகழ்.

ஜூன் 24

நல்ல ஈரக் காற்று. நாலாவது பூச்சில் சாம்பல் நிறம் கருநீலமாகத் திரும்பிவிட்டது. குழலைக் கொதிக்க வைக்கும் தொட்டிக்காகத் தாழ்வாரத்துத் தகரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தேன், அந்த வழியாக வீட்டுக்குள் மழை ஒழுகுகிறது. ஒழுகட்டும்.

ஜூன் 28

திருகுகளுக்கும் விசைகளுக்கும் வேறு வைத்தியம். அவற்றுக்குத் துரு வேண்டாம், சூடு போதும். இரும்புச் சட்டியில் ஆற்று மணலை வறுத்து, கண்ணாடி மாதிரி தேய்த்த திருகை அதன்மேல் வைத்துக் கண்கொட்டாமல் பார்த்திருக்க வேண்டும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, அதற்கு அடுத்து மயில் கழுத்து நீலம். அந்த நீலம் வந்த கணத்தில் எடுத்து எண்ணெயில் போட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் சாம்பல் பூத்துவிடும், திரும்பவும் தேய்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு விசையைத் தவறவிட்டேன். தம்பி போன் செய்த நேரம்.

“முடிஞ்சுதாக்கா?”

“திருகு வேலை பாத்துட்டு இருக்கேன்.”

“திருகெல்லாம் யாருக்கா பாக்கப் போறா? குழல் பளபளன்னு இருந்தாச் சரி.”

கறுத்த குழலும் நீலத் திருகும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. வைக்கவும் நான் முயலவில்லை.

ஜூலை 3

இன்னும் ஒரு பூச்சு.

ஜூலை 6

இன்னும் ஒரு பூச்சு. தம்பி கேட்டதற்கு ஈரம் போதவில்லை என்றேன். இங்கே பத்து நாளாகத் துணி காயவில்லை.

ஜூலை 11

கீழ்ப்பாத்தியில் வாழையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. கிழங்கோடு தோண்டி, தின்றது பாதி, மிதித்தது பாதி. தோட்ட வேலைக்கு வரும் நாச்சம்மா வரப்பில் நின்றுகொண்டு என்னைத் திட்டினாள். நான் அவளுக்குக் கூலி கொடுக்கிறேனா, அவள் எனக்கா என்று பல நாள் எனக்கே சந்தேகம் வரும்.

“துப்பாக்கி ஸ்டேசன்ல இருந்தப்பத்தான் விதியேன்னு கெடந்தோம். இப்ப வீட்டுக்கு வந்தும் குளிக்கிற ரூம்புல தொங்கப்போட்டா பன்னி என்ன குளிக்கவா வரும்?”

“வேலை முடியலடி.”

“போன வாரமே கன்னங்கரேல்னுதானம்மா இருந்துச்சு. ரூம்பக் கழுவுறப்ப நாந்தான் பாத்தேனே.”

நாச்சம்மாவுக்குக் கறுப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

ஜூலை 13

மாட்டி வைத்து ஒரு வெடி வெடித்துவிட்டு மறுபடி கழற்றிக்கொள்ளலாமே என்று நாச்சம்மா கேட்டாள். மாட்டினால் வேலை முடிந்ததாக ஆகிவிடும். முடிந்ததென்று தம்பி காதுக்கு எட்டினால் அன்றைக்கே கார் வரும். குழலுக்கு மருந்து பூசியிருக்கிறது, தொடக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். தகர டின்னைத் தட்டினோம். பன்றிகளுக்கு என் டின் பழகிவிட்டது.

ஜூலை 19

குழலின் நடுவில் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு திட்டு இருப்பதுபோல் பட்டது. இருப்பதுபோல் என்ன, இருந்தது. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அரைகுறை வேலையைக் கையை விட்டு அனுப்பும் வழக்கம் எனக்கில்லை.

ஜூலை 27

தம்பி குரலில் இனிப்புக் குறைந்துவிட்டது. “ஆடி பொறந்து பத்து நாளாச்சுக்கா. போன மாசம் இதே நேரம் என்ன சொன்னியோ அதையேதான் இப்பவும் சொல்ற.” போன மாசம் செய்த வேலையைத்தானே இப்போதும் செய்கிறேன், அதனால் அதையேதான் சொல்ல முடியும் என்றேன். வைத்துவிட்டான்.

கீழ்ப்பாத்தி முழுக்கப் போய்விட்டது. இனி மேல்பாத்தியும் சௌசௌப் பந்தலும்தான் பாக்கி.

ஆகஸ்ட் 4

இன்னும் ஒரு பூச்சு. குழலில் முகம் தெரிகிறது. வயதான முகம்.

ஆகஸ்ட் 11

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வந்து நின்றான். வண்டிக்குப் பின்னால் நீளமாக ஒரு இரும்புத் தொட்டி, இரண்டு கேஸ் அடுப்பு, மூட்டையில் வெள்ளை உப்பு. மூட்டை வாயைப் பிரித்ததும் மூக்கில் சுள்ளென்று ஏறியது. காஸ்டிக் சோடா, அதோடு வேறு ஏதோ.

“கோயம்புத்தூர்ல மெஷின் பார்ட்டுக்கெல்லாம் இப்பிடித்தான்க்கா ஏத்துறாங்க. பிளாக்கோடைசிங். கரைச்சுக் கொதிக்க விட்டு உள்ள முக்குனா அரை மணி நேரத்துல காக்கா மாதிரி கறுத்துரும். தெரிஞ்ச பட்டறையில கேட்டு எல்லாத்தையும் வாங்கிட்டு வந்துட்டேன்.”

மெஷின் பாகத்துக்குச் சரி. ஒற்றைக் குழலுக்கும் சரி. இரட்டைக் குழல் ஒரே இரும்பு இல்லை. இரண்டு தனிக் குழாய்களை நடுவில் ஒரு பட்டை வைத்து ஈயத்தால் பற்ற வைத்திருப்பார்கள். கொதிக்கிற காரம் இரும்பைக் கறுப்பாக்கும், ஈயத்தைத் தின்றுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பற்று கரைந்திருக்கும், கரைந்த இடத்தில் உப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலை தெரிந்தவர்கள் இரட்டைக் குழலைத் துருவிலேதான் கறுப்பாக்குவார்கள், எத்தனை நாள் ஆனாலும். எனக்கு இது பாலபாடம்.

சொல்லத்தான் போனேன். “பாணி, இது வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“சும்மா இருக்கா. ரெண்டு மாசமா நீ பண்ணுனதப் பாத்தாச்சு. குழல் எப்பவோ ரெடின்னு எனக்குத் தெரியாதா? நேத்து நாச்சம்மாகிட்ட போன்ல கேட்டேன். குடுக்க மனசில்லாம தேய்ச்சுத் தேய்ச்சு மறுபடி பூசிட்டிருக்க. இப்பக்கூடத் தேய்ச்சு வச்சிருக்க பாரு, பாதி வெள்ள பாதி கறுப்பு. உனக்கு எதுக்குக்கா துப்பாக்கி? தனிக்கட்ட. உன்னைய எவன் வந்து என்ன செய்யப் போறான்?”

காபி காயவைக்கும் களத்தில் நின்று இதைச் சொன்னான். நாச்சம்மா பக்கத்தில் கூடையோடு நின்றாள். அவள் தரையைப் பார்த்தாள்.

நான் உள்ளே போய் உலை வைத்தேன். அரிசி களைந்தேன். வெளியே அடுப்பு பற்றும் சத்தமும் தொட்டியை நகர்த்தும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து அடுக்களை வாசலில் வந்து நின்றான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் வந்து நிற்பானே, அப்படி நின்றான்.

“கோவிச்சுக்காதக்கா. ஏதோ வாய் தவறி வந்துருச்சு. தண்ணி கொதிக்குது. முக்கப் போறேன். கறுப்பு நல்லா வரும்ல?”

“வரும்,” என்றேன்.

கறுப்பு வருமா என்று கேட்டான். வரும் என்றேன். வந்தது. அவன் சொன்னபடியே அரை மணி நேரத்தில், மையிட்ட மாதிரி ஒரு கறுப்பு. களத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பாத்தியா, உனக்கு ரெண்டு மாசம், எனக்கு அரை மணி நேரம்,” என்று சிரித்தான். நான் நீலமேற்றிய திருகுகளை மாட்டி முடித்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான். வத்தக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கினான். வெயில் சாய்வதற்குள் துப்பாக்கியோடு இறங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 12

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடிதான் இருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆகஸ்ட் 15

நாச்சம்மா வேலைக்கு வந்தாள். மத்தியானம் சாப்பிடும்போது, “அந்த உப்புத் தண்ணிய எங்க ஊத்துறது?” என்றாள். செடி கொடி இல்லாத இடமாகப் பார்த்து ஊற்று என்றேன். “அம்புட்டு விசமா?” என்றாள். ஆமாம் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். நாச்சம்மா பார்த்தால் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 25

மதுரைக்குப் போய்ப் பால் காய்ச்சிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். மார்பிள் தரை, வழுக்கி விழாமல் நடந்ததே பெரிய காரியம். ஹாலில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் விளக்கு, விளக்குக்கு அடியில் துப்பாக்கி. வருகிறவர்களை எல்லாம் தம்பி கையைப் பிடித்து அங்கேதான் கூட்டிப் போனான்.

“எங்கப்பாவோடது. துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. நானே கறுப்பு ஏத்துனேன்.”

பக்கத்தில்தான் நான் நின்றேன். கேசரி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் நகர்ந்த பிறகு கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து பார்த்தேன். இரண்டு குழலுக்கும் நடுவில் போகிற பட்டையின் ஓரத்தில், நூல் பிடித்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. உப்பு வெளியே பூக்கத் தொடங்கிவிட்டது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. புது வீட்டைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறேன் என்று தம்பி மனைவி என் தோளைத் தட்டினாள்.

செப்டம்பர் 2

மேல்பாத்தியில் பன்றி.

செப்டம்பர் 9

மழையில் நனைந்துகொண்டு தம்பி வந்தான். தனியாக வந்தான். படியேறும்போதே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க எடுத்தபோது குழலில் வெள்ளையாக ஏதோ பொடிந்திருந்ததாம். நகத்தால் சுரண்டியிருக்கிறான். நடுப்பட்டை மேலே எழும்பிக் கையோடு வந்துவிட்டதாம். துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான். கடைக்காரர் குழலைச் சுண்டிப் பார்த்தவுடன் தலையை ஆட்டிவிட்டாராம். பற்று முழுக்கப் போய்விட்டது, உள்ளே அரித்தும் இருக்கிறது, இதில் இனித் தோட்டா போட்டால் சுடுகிறவன் கைக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து இரும்பாக உருக்கப் போகும்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று குனிந்து என் காலைப் பிடித்துக்கொண்டான். ஐம்பது வயது ஆம்பளை. சட்டையிலிருந்து தண்ணீர் என் பாதத்தில் சொட்டியது.

“அப்பாவோட பொருளக் கெடுத்துட்டேன்க்கா. நீ ஏதோ சொல்ல வந்த. நான்தான் வாய அடைச்சேன். கண்டபடி பேசிட்டேன். அதுக்குத்தான் இந்தக் கூலி.”

“எந்திரிடா. தலையத் துவட்டு.”

எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் தூக்கினான்.

“கடைக்காரர் என்ன கேட்டாரு தெரியுமா? வழக்கமா யாரு இதுக்குக் கறுப்பு ஏத்துவாங்கன்னாரு. எங்கக்கான்னேன். அப்ப அவங்களுக்கு இது தெரியாம இருக்காதே, எப்பிடி விட்டாங்கன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். எங்கக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா எங் கையத் தட்டிவிட்டிருப்பாய்யான்னு சத்தம் போட்டேன். கடையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. உனக்குத் தெரியாதுல்லக்கா?”

அடுக்களை வாசலில் நாச்சம்மா நின்றிருந்தாள். கையில் முறம். அவள் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அவன் தலைமேல் கையை வைத்தேன். முடி கொட்டியிருக்கிறது, நான் கவனித்ததே இல்லை.

“தெரியாதுடா,” என்றேன்.

பெருமூச்சு விட்டான். அவன் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதலாக, “அதான. அப்பா சொல்லிக் குடுத்தத அப்பிடியே செஞ்சுட்டு வந்த. இந்த ஈயம், காரமெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றான்.

இந்த உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆமாம், எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு அவனுக்கு இலை போட்டேன்.